மழை லீவுக்கு மூணு பேரும் சேர்ந்து பார்க்க என்ன படம், என்ன தொடர்?

களுவாஞ்சிகுடி_22:

மார்கழி லீவு தொடங்கிட்டு, மழையும் விடுற பாடில்ல. டீவிக்கு முன்னால மூணு பேர்: அம்மா (64 வயது, சப்டைட்டில் ஓடுற வேகத்துக்கு வாசிக்க மாட்டா), மகள் தரம் 9, நான்.

தேவை இதுதான். கடந்த ரெண்டு மூணு வருசத்துக்குள்ள வந்த படங்கள், தமிழ் அல்லது ஒழுங்காத் தமிழ் டப் பண்ணினது, மூணு பேரும் முகத்தைத் திருப்பாமப் பார்க்கக் கூடியது. அம்மாவுக்கு மெகா சீரியலை மறக்கடிக்க ஒரு தொடர். எல்லாரும் படுத்த பிறகு தனியப் பார்க்கத் துப்பறியும் கதை ஒண்டு.

சாமான் விபரம்: 4ஜி ரவுட்டர், மாதம் 40 ஜீபி. டீவி சாதாரணமானது, அதில ஒரு சின்ன அன்ட்ரொயிட் பெட்டி. ஹெச்டி திட்டத்துக்குக் காசு கட்டியும் படம் மங்கலாத்தான் வருகுது. கூரை தகரம். மழை இறங்கினா ஆள் பேசுறது கேட்காது. சத்தத்தைக் கூட்டினா சண்டையும் பாட்டும் காதைப் பிளக்குது. படத்தோட இதுக்கும் வழி சொன்னாப் புண்ணியம்.

வாவிக்கரை:

தம்பி, முதல்ல 'லப்பர் பந்து' (2024). ரப்பர் பந்து கிரிக்கெட், ஊர்ப் போட்டி, கிண்ணம், ஆரை அணியில சேர்க்கிறது ஆரை விடுறது எண்ட சாதிக் கணக்கு. தமிழரசன் பச்சமுத்துவுக்கு முதல் படம். அட்டகத்தி தினேஷ் வயசு போயும் மட்டையை விடாத மனிசன். ஹரிஷ் கல்யாண் அவரை விழுத்தத் தெரிஞ்ச பந்துவீச்சாளர். அவர் விரும்புற பெட்டை தினேஷின்ர மகள். கிரிக்கெட் தெரியாட்டியும் அம்மாவுக்குப் பிடிக்கும். மைதானத்துக்கு டிராக்டரோட வந்து நிக்கிற மனைவி சுவாசிகாதான் படத்தின்ர முதுகெலும்பு. எங்கட பக்கம் சொஃப்ட்போல் மேட்ச் நடக்கிற எந்த மைதானத்திலயும் இந்த ஆக்களைக் காணலாம்.

ரெண்டாவது 'பார்க்கிங்' (2023). ஒரே வீட்டு மேல்மாடியும் கீழ்மாடியும், கார் விடுற இடம் ஒண்டு. அவ்வளவுதான் கதை. எம்.எஸ். பாஸ்கருக்குத் தேசிய விருது கிடைச்சது, படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம் எண்ட விருதும் கிடைச்சது. ஆட்டம் முத்த முத்த ரெண்டு பேரும் செய்யிற கேவலம் கூடிக்கொண்டு போகும், ஆனா பிள்ளையோட பார்க்க ஏலாத காட்சி எண்டு இல்ல.

'மெய்யழகன்' (2024) அம்மாவுக்கெண்டே எடுத்த மாதிரி இருக்கும். சொத்துத் தகராறில 1996இல தஞ்சாவூரை விட்டுப் போன ஒருத்தர், தங்கச்சி முறையான ஒருத்தியின்ர கலியாணத்துக்குத் திரும்பி வாறார். அங்க ஒருத்தன் 'அத்தான் அத்தான்' எண்டு உயிரை விடுறான், இவருக்கோ அவன்ட பேர் ஞாபகமில்ல. ஒரே இரவு, ரெண்டு பேரின்ர பேச்சு. ஒண்டு கவனியுங்க: தியேட்டருக்கு 2 மணித்தியாலம் 57 நிமிசமா வந்த படத்தை, வந்து சில நாளில 18 நிமிசம் வெட்டினாங்க. ஓடுற நேரம் 2 மணி 40க்குள்ள காட்டினா அது வெட்டினது. மகளுக்கு முதல் முக்கால் மணித்தியாலம் இழுக்கும். அதை ரெண்டு இரவாப் பிரிக்கிறதெண்டா கலியாண வீடு முடிஞ்ச இடத்தில நிப்பாட்டுங்க, நடுவில வெட்டினா அந்த இரவின்ர சூடு போயிடும்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) சொல்லாம விடேலாது. பொருளாதார நெருக்கடியில இலங்கையிலிருந்து வள்ளம் ஏறி, சென்னையில ஆருக்கும் தெரியாமக் குடியேறுற நாலு பேர் குடும்பம். சசிகுமார், சிம்ரன். சின்ன மகனா வாற கமலேஷ்தான் படத்தைத் தூக்கி நிறுத்துறான். ரெண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. மூணு பேரும் சிரிப்பீங்க, அம்மா அழவும் கூடும்.

இனி விலக்க வேண்டியது. 'மகாராஜா' (2024) திரைக்கதை கெட்டி, ஆனா சிறுமி மேல நடக்கிற வன்கொடுமையைச் சுத்தித்தான் முடிச்சு. தரம் 9 பிள்ளையும் அப்பம்மாவும் இருக்கிற அறையில வேணாம். 'வாழை' (2024) சுவரொட்டியில ரெண்டு பொடியன்மார் சிரிச்சுக்கொண்டு நிப்பானுகள். அதை நம்பிச் சிறுவர் படம் எண்டு போடாதீங்க. ரஜினி கமல் சண்டை, டீச்சர் மேல பாசம் எண்டு முக்கால்வாசி விளையாட்டாப் போய், முடிவு நெஞ்சில கல்லை வைக்கும். மாரி செல்வராஜ் தன்ட சின்ன வயசில நடந்த லொறி விபத்தை வைச்சு எடுத்தது. பார்க்க வேண்டிய படம்தான், பகல்ல பாருங்க, படுக்கப் போற நேரத்தில வேணாம்.

இன்னொண்டு. கேரள வெள்ளத்தைப் பற்றின '2018' (2023) நல்லா எடுத்த படம், தமிழ் டப்பும் இருக்கு. லீவுக்குள்ள மார்கழி 26, சுனாமி நாள் வருகுது. திருச்செந்தூர், நாவலடி, கல்லாறு எண்டு மட்டக்களப்புக் கரையோரத்தில சொந்தம் இழந்த ஆக்கள் வீட்ல இருந்தா அந்தக் கிழமை தண்ணி ஏறுற படமே வேணாம்.

நூலகத்து_ஜன்னல்:

படத்தை வாவிக்கரை அண்ணன் சொல்லிட்டார், நான் தொடருக்கு வாறன்.

அம்மாவுக்கு 'அயலி' (2023, ஸீ5). எட்டுப் பகுதி, ஒவ்வொண்டும் அரை மணித்தியாலம் அளவில. புதுக்கோட்டைப் பக்கத்துக் கற்பனை ஊர் வீரப்பண்ணை, காலம் 1990. பெரிய பிள்ளையானா பள்ளிக்கூடம் நிப்பாட்டி உடனே கலியாணம், இல்லாட்டி அயலி அம்மன் கோபிப்பா எண்டது ஊர்க் கட்டு. டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுற தமிழ்ச்செல்வி தான் பெரிய பிள்ளையானதையே ஒளிக்கிறாள். தாயா அனுமோள். உங்கட மகளின்ர வயசுதான் கதாநாயகிக்கு, அதால இதை அம்மாவுக்கு மட்டும் எண்டு ஒதுக்காதீங்க. மூணு பேரும் நாளுக்கு ரெண்டு பகுதி பார்த்தா நாலு நாளில முடியும். சில இடத்தில வசனம் மேடைப் பேச்சா மாறும். ஊர் ஆம்பிளையளைக் கொஞ்சம் கார்ட்டூனாக் காட்டியும் இருக்கு. அதை மன்னிச்சாப் போதும்.

சிரிக்க வேணுமெண்டா 'தலைவெட்டியான் பாளையம்' (2024, பிரைம்). 'பஞ்சாயத்' எண்ட ஹிந்தித் தொடரைத் திருநெல்வேலிப் பக்கக் கிராமத்துக்குக் கொண்டு வந்தது, எட்டுப் பகுதி, இயக்கம் நாகா. சென்னையில வளர்ந்த பொடியன் வேற வேலை கிடைக்காமப் பஞ்சாயத்துச் செயலாளரா வந்து மாட்டுறான். தலைவி தேவதர்ஷினி, அதிகாரம் முழுக்க புருசன் சேத்தன் கையில. ஹிந்தியில முதல் பருவம் பார்த்த ஆக்களுக்கு இதில புதுசா ஒண்டும் இல்ல, அதே சம்பவங்கள். பார்க்காத ஆக்கள் தமிழிலயே தொடங்கலாம்.

மெகா சீரியல் பழக்கத்தை ஒரேயடியா வெட்டினா அம்மா திரும்பச் சீரியலுக்கே போயிடுவா. அதுக்கு 'ஹார்ட் பீட்' (2024, ஹாட்ஸ்டார்) நல்ல இடைமருந்து. ஆஸ்பத்திரிக் கதை. பயிற்சி டாக்டரா வாற பெட்டை, தன்னைப் பிறந்த உடன விட்டுட்டுப் போன தாயின்ர கையின் கீழயே வேலை செய்யிறாள். முதல் பருவம் மட்டும் 100 பகுதி. தொடங்க முன்ன கீழ ஆராவது டேட்டாக் கணக்குச் சொல்லுவாங்க, அதையும் பாருங்க.

உங்களுக்குத் தனிய: 'கேரளா கிரைம் ஃபைல்ஸ்' முதல் பருவம் (2023). ஆறு பகுதி, மொத்தமே மூணு மணித்தியாலம் அளவு, தமிழ் டப் இருக்கு. லொட்ஜில ஒரு கொலை. பொலிசுக்குக் கிடைச்சது பதிவுப் புத்தகத்தில எழுதின ஒரு வரி: ஷிஜு, பாறயில் வீடு, நீண்டகரை. அந்த விலாசமும் பொய். பறக்கிற கார் இல்ல, துப்பாக்கிச் சூடு இல்ல, வீடு வீடாப் போய் விசாரிக்கிற அலுப்புத்தான் கதை. அதுதான் ருசி. இது ஒத்து வந்தா 'சுழல்'. ரெண்டு பருவம் (2022, 2025), தலா எட்டுப் பகுதி. முதலாவது மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குள்ள நடக்கும். திருவிழாக் காட்சியை எங்கட வேள்விச் சடங்கு பார்த்த கண்ணோட பார்த்தா வேற மாதிரி இருக்கும். ரெண்டாவது முதலாவதை விடத் தளர்வு. முதலாவதில சிறுவர் துஷ்பிரயோகம் கதைக்கு நடுவில இருக்கு, மகள் முழிச்சிருக்கிற நேரம் வேணாம்.

ஆங்கிலம் ஏலுமெண்டா 'அடலசன்ஸ்' (2025, நெட்ஃபிளிக்ஸ்). நாலே பகுதி, ஒவ்வொண்டும் வெட்டே இல்லாம ஒரே ஷொட். கூடப் படிச்ச பிள்ளையைக் கொன்டதா 13 வயசுப் பொடியனைப் பொலிஸ் பிடிக்குது. ஆர் செய்தது எண்டது முதல் பகுதியிலயே தெரியும்; ஏன் எண்டதுதான் மிச்ச மூணும். ஃபோனுக்குள்ள பிள்ளைகள் என்ன பார்க்குதுகள் எண்டு யோசிக்கிற தாய் தகப்பன் முதல்ல தனியப் பார்த்திட்டு, மகளுக்குக் காட்டுறதா எண்டு முடிவெடுங்க.

ரிமோட்டும்_வயரும்:

படம் மங்கலா வாறதுக்கு நெட் காரணமில்ல, பெட்டி. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் மாதிரித் தளங்கள் களவாப் பதிவு பண்ணாம இருக்க வைட்வைன் எண்ட பூட்டுப் போட்டிருக்கு. அதில எல்1 (உயர்ந்தது), எல்3 (குறைஞ்சது) எண்டு தரம். அனுமதி வாங்காத மலிவுப் பெட்டிகள் எல்3தான், அதில படம் ஹெச்டிக்குக் கீழ, 480 அளவோட நிண்டிடும். நீங்க எவ்வளவு பெரிய திட்டம் கட்டினாலும் மாறாது. 'டிஆர்எம் இன்ஃபோ' எண்ட செயலியைப் பெட்டியில போட்டுத் திறந்தா 'செக்யூரிட்டி லெவல்' எண்ட வரியில தெரியும். எல்3 எண்டா ரெண்டு வழி: மலிவுத் திட்டத்துக்கு இறங்குங்க, இல்லாட்டி கூகிள் டீவி அல்லது ஃபயர் டீவி ஸ்டிக் ஒண்டு மாத்துங்க. ஸ்டிக் வாங்கினா அதோட வாற அடப்டரைச் சுவர்ப் பிளக்கில குத்துங்க. டீவியின்ர யூஎஸ்பி ஓட்டையில குத்தினா மின்சாரம் காணாது. படம் நடுவில தானா அணைஞ்சு எரியும், ஆக்கள் ஸ்டிக் பழுது எண்டு திருப்பிக் குடுப்பாங்க.

ஃபோன் திரையை அப்பிடியே டீவிக்கு அனுப்பினா சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பா நிக்கிறதும் இதே பூட்டாலதான். செயலிக்குள்ள இருக்கிற காஸ்ட் குறியை அமத்தினா, அந்தத் தளம் அதை அனுமதிக்கிற இடத்தில வேலை செய்யும்.

டேட்டா. நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்லுற கணக்கு: மணித்தியாலத்துக்குக் குறைஞ்ச தரம் 0.3 ஜீபி வரை, நடுத்தரம் 0.7 வரை, ஹெச்டி 3 வரை, 4கே 7 வரை. மத்தத் தளங்களுக்கும் இதையே உத்தேசமா வைச்சுக் கணக்குப் போடலாம். உங்கட 40 ஜீபிக்கு ஹெச்டி எண்டா 13 மணித்தியாலம், நடுத்தரம் எண்டா 57 மணித்தியாலம். வெட்டின 'மெய்யழகன்' ஒருக்காப் பார்க்க நடுத்தரத்தில 2 ஜீபிக்கு உள்ள, ஹெச்டியில 8. 'ஹார்ட் பீட்' 100 பகுதியும் பகுதிக்கு 22 நிமிசம் எண்டு வைச்சா 36, 37 மணித்தியாலம். நடுத்தரத்தில 26 ஜீபி, மாதப் பொதியில பாதிக்கு மேல. ஹெச்டியில தொடங்கினா 36வது பகுதி அளவில நெட் முடிஞ்சு அம்மா திரும்பச் சீரியல்தான்.

தரத்தை டீவியில தேடாதீங்க. நெட்ஃபிளிக்ஸுக்கு ஃபோன் பிரவுசரில கணக்குக்குள்ள போய், ப்ரொஃபைல், அதுக்குள்ள பிளேபக் செட்டிங்ஸ், 'மீடியம்' எண்டு வைச்சு சேமியுங்க. ப்ரொஃபைல் ஒவ்வொண்டுக்கும் தனித்தனியா வைக்க வேணும். ஒருத்தரின்ர மாத்திட்டு மத்தவரின்ர ஹெச்டியில ஓடுறதுதான் வழமையா நடக்கிற பிழை. உடனே மாறாது, டீவிச் செயலியில வெளியேறித் திரும்ப உள்ள போங்க. அதே இடத்தில அடுத்த பகுதி தானா ஓடுறதையும் முன்னோட்டம் தானா ஓடுறதையும் நிப்பாட்டுங்க. அம்மா நித்திரையானா விடியும் வரைக்கும் ஓடும். சில தளங்கள் இதுக்கு நடுவில 'இன்னும் பார்க்கிறீங்களா' எண்டு கேட்கும், எல்லாம் கேட்காது.

பொதியில இரவு டேட்டா எண்டு தனியா இருந்தா அதுதான் தங்கம். நள்ளிரவுக்குப் பிறகு ஃபோனுக்கு இறக்கி வையுங்க. இறக்கினது நிரந்தரமில்ல, பலதும் ஒருக்கா பிளே அமத்தினா 48 மணித்தியாலத்தில காலாவதி. அதால 'என்ன மாதிரி இருக்கு பார்ப்பம்' எண்டு ஒரு நிமிசம் போட்டுப் பார்க்காதீங்க, மணி ஓடத் தொடங்கிடும்.

இனிச் சத்தம். இதுக்குக் காசு தேவையில்ல. படம் 5.1 (ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிச்ச) சத்தத்தில வந்தா பேச்சு முழுக்க நடு ஸ்பீக்கருக்கெண்டு பிரிச்சிருக்கும். டீவியில நடு ஸ்பீக்கர் இல்ல, ரெண்டைத்தான் வைச்சுச் சமாளிக்கும், அதில பேச்சு அமுங்கி இசை மேல வரும். படம் ஓடேக்க 'ஆடியோ' பட்டியலைத் திறங்க. தமிழ் எண்டு ரெண்டு இருந்தா 5.1 எண்டு போடாததை எடுங்க. ஒண்டுதான் இருந்தா பெட்டியின்ர சத்த அமைப்பில 'ஸ்டீரியோ' அல்லது 'பீசிஎம்' வையுங்க. மறுகா டீவி மெனுவில 'க்ளியர் வொய்ஸ்' அல்லது 'நியூஸ்' முறை, 'ஓட்டோ வொலியூம்' ஒன். தகரத்தில மழை விழுற சத்தத்துக்கு வொலியூம் கூட்டுறதை விட, சின்னச் சோடி ஸ்பீக்கரை வயரால குடுத்து ஆக்கள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில வைக்கிறது நல்லம். நிறைய டீவிக்கு ஸ்பீக்கர் கீழ பார்த்து அல்லது பின்னால சுவரைப் பார்த்துத்தான் இருக்கு. புளூடூத் ஸ்பீக்கர் வேணாம், வாய் அசைஞ்ச பிறகுதான் பேச்சு வரும்.

கல்முனை_வாசகி:

'டூரிஸ்ட் ஃபேமிலி' பற்றி வாவிக்கரை நானா சொன்னதில பாதிக்குத்தான் உடன்பாடு. நல்ல மனசோட எடுத்த படம், அதில சந்தேகமில்ல. ஆனா 'எங்கட பேச்சு' எண்டு நம்பிப் போனா ஏமாறுவீங்க. அது வல்வெட்டித்துறைக் குடும்பம், யாழ்ப்பாணப் பேச்சு, அதையும் நடிகர் நடிகைமார் பாதியில விட்டுட்டுத் தமிழ்நாட்டுப் பேச்சுக்குப் போயிடுவாங்க. மட்டக்களப்பு, கல்முனைப் பேச்சு அதில துளியும் இல்ல. அகதியா போறவங்களுக்கு நடக்கிறதையும் படம் மெத்தென்று காட்டுது. சென்னையில எல்லாருமே நல்லவங்க.

நெருக்கடிக் காலத்தை இன்னொரு கண்ணால பார்க்க 'பேரடைஸ்' (2023, பிரசன்ன விதானகே) போடுங்க. 2022இல இந்தியச் சோடி ஒண்டு மலையகத்துக்குச் சுத்துலா வருகுது, பொருள் களவு போகுது, பொலிஸ் தோட்டத்துத் தமிழ் இளைஞர்களைப் பிடிக்குது. ஒண்டரை மணித்தியாலம்தான். ஆங்கிலம், மலையாளம், சிங்களம், தமிழ் கலந்து பேசுறதால உங்கட அம்மாவுக்குக் கஷ்டம், இது உங்கட இரவுப் பட்டியலுக்கு.

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) ஒருத்தரும் சொல்லல்ல. கொடைக்கானல் குணா குகைக்குள்ள விழுந்த நண்பனை மேல எடுக்கிற கதை, 2006இல உண்மையா நடந்தது. தமிழ் டப் இருக்கு, அம்மாவோட எண்டா அதைப் போடுங்க; மத்தப்படி மூல மலையாளத்திலயே பாருங்க. கொடைக்கானலுக்கு வந்த பிறகு சுத்தி இருக்கிற ஆக்கள் எல்லாரும் தமிழ்தான். பொலிஸ் ஸ்டேசனில பாஷை தெரியாம அந்தப் பொடியன்மார் தடுமாறுற காட்சி, எல்லாரும் தமிழ் பேசினாச் செத்துப் போயிடும். தரம் 9க்குப் பிரச்சினை இல்ல. இருட்டு, இறுகின இடம் எண்டா மூச்சு முட்டுற ஆக்களுக்கு மட்டும் வேணாம்.

எந்தத் தளம் எண்டு மேல போட்டிருக்கிறதெல்லாம் இந்தியக் கணக்கு. நாட்டுக்கு நாடு பட்டியல் மாறும். காசு கட்ட முன்ன அந்தந்தச் செயலியில பேரைத் தமிழிலயும் ஆங்கிலத்திலயும் தேடிப் பாருங்க. பேர் வந்தாலும் பிளே குறி வருகுதா, டப் மொழிப் பட்டியலில தமிழ் இருக்கா எண்டு பார்க்க வேணும். ஒரு மாதத்துக்கு ஒரு தளம் மட்டும் கட்டுங்க. எல்லாத்தையும் ஒரே மாதம் கட்டினா உங்கட 40 ஜீபிக்குள்ள ஒண்டையும் முடிக்க ஏலாது.

களுவாஞ்சிகுடி_22:

எல்லாருக்கும் நன்றி. செயலி போட்டுப் பார்த்தன், எல்3தான். 5.1ஐ மாத்தினதுக்கே பேச்சு தெளிவு. ரெண்டு சந்தேகம்: 'கொட்டுக்காளி' அம்மாவோட பார்க்கலாமா? மகளுக்குப் படிப்புச் சம்பந்தமா ஒண்டு இருந்தாச் சொல்லுங்க.

வாவிக்கரை:

'கொட்டுக்காளி' (2024) பி.எஸ். வினோத்ராஜ் எடுத்தது, சூரி, அன்னா பென். படம் முழுக்கப் பின்னணி இசையே இல்ல. ஷெயார் ஆட்டோவில ஒரு குடும்பம் சாமியாடியிட்டப் போகுது, அவ்வளவுதான். முடிவையும் பார்க்கிற ஆளின்ர கையில விட்டுடுவார். அம்மா 'முடிஞ்சிட்டா?' எண்டு கேட்பா. மழை ஓய்ஞ்ச இரவில தனியப் பாருங்க. சேவல் கத்துறதும் ஆட்டோ இரைச்சலும்தான் அதுக்கு இசை, தகரத்தில மழை பெய்யேக்க ஒண்டும் விளங்காது.

மகளுக்கு '12த் ஃபெயில்' (2023), தமிழ் டப்பில வந்தது. சம்பல் பக்கத்துப் பொடியன் பன்னிரண்டாம் வகுப்புக் கோட்டை விட்டு, மாவு மில்லில வேலை செய்து படிச்சு ஐபிஎஸ் ஆகிறது, உண்மைக் கதை. ரெண்டரை மணித்தியாலம் அளவு. இடைவேளை விட்டுப் பாருங்க, இல்லாட்டி நேர்முகப் பரீட்சைக் காட்சி வாறதுக்குள்ள அம்மா நித்திரையாயிடுவா.

ரிமோட்டும்_வயரும்:

எல்3 எண்டா இந்த மாதம் ஹெச்டி திட்டத்தை இறக்கி விடுங்க, அந்தக் காசு அடுத்த மாதம் ஸ்டிக்குக்குச் சேரும். மின்னல் வெட்டத் தொடங்க முன்னமே ரவுட்டர் பிளக்கையும் டீவி அன்டனா வயரையும் கழட்டி வையுங்க. சுவிட்சை மட்டும் அணைச்சாப் போதாது.